முத்துமீனாவின் ப்ளஸ் ஒன்

போன வாரம் சோணைமுத்து சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்து போனதோடு நிறுத்தியிருந்தேன். தட்டை யார் கழுவியது என்று இரண்டு வாசகிகள் கேட்டிருக்கிறார்கள். முத்துமீனாதான். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுவிட்டால் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும். எதிர் வீட்டில் இருக்கிற எனக்கு அடுப்படிச் சத்தத்தை வைத்தே சண்டை எந்த மட்டில் இருக்கிறதென்று தெரியும். அன்றைக்குக் குக்கர் மூடி திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கண்மாய்க்கரை வழியாக உள்ளே வந்தால் எங்கள் ஆலங்கரை. முன்பு ஊர், இப்போது புறநகர். அதாவது வயலுக்குள் மாடி வீடு வந்துவிட்டது, சாக்கடை இன்னும் வந்தபாடில்லை. சோணைமுத்து ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியின் மஞ்சள் வேன் ஓட்டுகிறார். அவர் மனைவி முத்துமீனா ஆலங்கரை அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளைப் புருஷன் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் அதே வீடுகளுக்குப் போய், "அடுத்த வருசம் நம்ம பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க" என்று பெண்டாட்டி இறக்கப் பார்ப்பாள். இப்படியும் ஒரு குடும்பம் நடக்கத்தான் செய்தது.

ஒரே மகள், இசைவாணி. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவள், பள்ளிக்கே முதல் மதிப்பெண். அவள் ப்ளஸ் ஒன் எங்கே படிப்பது என்பதில்தான் தட்டு நகர்ந்தது.

இந்த ஜூன் மாதம் பார்த்துத்தான் எங்கள் உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளி ஆனது. பெயர்ப் பலகையில் 'உயர்' என்பதை அழித்து 'மேல்' என்று எழுதினார்கள். அழித்த இடம் மட்டும் பளீரென்று தெரிகிறது.

பள்ளிக்கு வயது அதிகம். மந்தையில் ஓலைக் கொட்டகையாக ஆரம்பித்தது. பிறகு கண்மாய் உள்வாயில் ஓட்டுக் கட்டடம். மழை நன்றாகப் பெய்தால் வகுப்பறைக்குள் தவளை, பிள்ளைகளுக்கு விடுமுறை. மேலத்தெருப் பிள்ளைகளும் கீழத்தெருப் பிள்ளைகளும் ஒரே பலகையில் உட்கார்ந்த முதல் இடம் அதுதான். கோயிலில் அது நடக்க இன்னும் பல வருடம் ஆனது. எட்டு வரை வந்தது, பத்து வரை வந்தது, அதோடு நின்றுவிட்டது. எங்களில் பெரும்பாலானவர்களும் அங்கேயே நின்றுவிட்டோம்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அன்று காலை சேர்க்கைப் பேரணி. சாரணர் பிள்ளைகள் டிரம் அடிக்க, முன்னால் பேனர் பிடித்துக்கொண்டு முத்துமீனா. கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் 'தலைவி' என்று போட்ட அடையாள அட்டை. அந்த அட்டையை அவள் குளிக்கும்போது கழற்றுவாளா என்று எங்கள் தெருவில் ஒரு விவாதமே உண்டு. பின்னால் குழு உறுப்பினர்கள். அதில் பாண்டிமீனா முக்கியம். முத்துமீனாவுக்கு ஒன்றுவிட்ட நாத்தனார் முறை. வாயில் கத்தரிக்கோல் வைத்திருப்பவள். தெருவில் என்ன நடக்கிறதென்று தெரிய வேண்டாமா, நானும் ஒரு தட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பிள்ளைகள் போதுமான அளவு சேர்ந்தால்தான் அறிவியல் பிரிவு. சேராவிட்டால் அதற்கு வரவேண்டிய ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் முத்துமீனா ஒரு வீட்டையும் விடவில்லை. சுபலட்சுமி வீட்டு வாசலில் டிரம் நின்றது. அவள் மகளும் பத்து முடித்தவள்தான்.

"சேக்குறேங்க்கா, எனக்கென்ன" என்றாள் சுபலட்சுமி. "ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்கிறாதீக. உங்க இசை எங்க சேருது?"

"வேற எங்க? இங்கதான்."

"அது சேந்தா எம்பிள்ளையும் சேரும். மொத மார்க்கு எடுத்த பிள்ள பக்கத்துல உக்காந்தா இதுவும் ரெண்டெழுத்துக் கூடப் படிக்கும்ல?"

"படிக்கும், படிக்கும். நாளைக்கே கூட்டிட்டு வா."

அடுத்த வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது வீட்டில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது.

எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் பாண்டிமீனா கழுத்தை நீட்டினாள். "என்ன மதினி, மெட்ரிக்தான் இன்னும் தொறக்கலையே, வேனைக் காணோம்? அண்ணே எங்க?"

"சர்வீசுக்கு விட்டுருக்காக."

"இசைவாணியையும் சர்வீசுக்கு விட்டுருக்கோ? அதையும் காணோமே."

முத்துமீனா பதில் சொல்லாமல், "டிரம்மை நல்லா அடிங்கப்பா" என்றாள்.

பேரணி பள்ளிக்குள் நுழைந்தபோது பதில் தானாகக் கிடைத்தது. மேற்கு வாசலில் மஞ்சள் வேன் நின்றது. சர்வீஸ் செய்த மாதிரி தெரியவில்லை, ஆனால் கழுவிப் பொட்டு வைத்திருந்தது.

தலைமையாசிரியர் இம்மானுவேல் அறையில் சோணைமுத்து புதுச் சட்டையோடு நின்றிருந்தார். பக்கத்தில் இசைவாணி, துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு. வாசலை அடைத்துக்கொண்டு குழுப் பெண்கள், அவர்களுக்கு நடுவில் எனக்கும் ஒரு தலை அளவு இடம் கிடைத்தது.

"வாங்க தலைவி" என்றார் இம்மானுவேல். நல்ல மனிதர். ஆனால் அரசாணை எண் சொல்லாமல் காலை வணக்கம்கூடச் சொல்ல வராது. "சார் டி.சி. கேட்டு வந்திருக்கார். நீங்களும் வந்துட்டா நல்லதுன்னு நெனைச்சேன்."

முத்துமீனா புருஷனைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சா விடுவியா?" சோணைமுத்து சுவரில் இருந்த இந்திய வரைபடத்தைப் பார்த்துப் பேசினார். "நம்ம மெட்ரிக்ல கேட்டுப் பேசி வச்சுட்டேன். சீட்டு இருக்குன்னுட்டாக."

"வேன் சர்வீசுக்குப் போயிருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வாரேன். வீட்டுக்கு வீடு எம்மக இங்கதான்னு சொல்லிட்டு வாரேன்."

"யாரு சொல்லச் சொன்னா?"

பாண்டிமீனாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சார், ஒரு சந்தேகம். இங்க படிக்கிற பிள்ளையோட அம்மாதான தலைவியா இருக்கணும்? பிள்ள போயிருச்சுன்னா?"

"விதிப்படி பொறுப்பும் போயிடும்மா."

"அதான் மதினிக்கு இம்புட்டு வேகம்."

யாரோ சிரித்தார்கள். தெரு முழுக்க அப்படித்தான் பேச்சு இருந்தது. நானே அதை நாலைந்து வீடுகளில் நல்ல மனதோடு சொல்லியிருக்கிறேன்.

முத்துமீனா கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள். கொண்டையில் சிக்கியது, இழுத்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்க சார். பாண்டிமீனாவுக்கே மாட்டி விடுங்க."

"அய்யய்ய, எனக்கெதுக்கு மதினி? விளையாட்டுக்குச் சொன்னா..." என்ற பாண்டிமீனாவின் கண் மட்டும் அட்டையை விட்டு நகரவில்லை.

"இப்பப் பதவி இல்ல. இப்பவும் சொல்றேன், எம்மக இங்கதான் படிக்கணும். எதுக்குச் சொல்றேன்னு நெனைக்கிறீக?"

சோணைமுத்து வரைபடத்திலிருந்து திரும்பினார்.

"மீனா, நான் எம்புட்டு வருசமா வேன் ஓட்டுறேன்? ஊரான் பிள்ளைக்கெல்லாம் கதவத் தொறந்து, பைய வாங்கி வச்சு, கையப் பிடிச்சு ஏத்தி விடுறேன். அந்த நேரம் எம்பிள்ள ரோட்டோரமா நடந்து போயிட்டு இருக்கும். கண்ணாடியில பாத்துக்கிட்டே போவேன், சின்னதாகிக்கிட்டே போகும். அது ஒருநாளாச்சும் என் வண்டியில ஏறி உக்காரணும். அம்புட்டுத்தான்."

சோணைமுத்து இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பெண்கள் கூட்டம் கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்ததை உணர முடிந்தது.

இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளைகிட்டக் கேப்போம். நீ சொல்லும்மா."

"நான் போறேன் சார்" என்றாள் இசைவாணி. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் யோசிக்கவில்லை.

"ஏண்டி?" முத்துமீனா அவள் பக்கம் நகர்ந்தாள். "டெஸ்கு பெஞ்சு புதுசு. லேப்புக்குச் சாமான் வந்துருச்சு. அங்க என்ன இருக்கு, இங்க இல்லாதது?"

"இருக்குறதச் சொல்லலம்மா. இங்க எனக்குப் பேரே கெடையாது. தலைவி மக. சாம்பார்ல உப்புக் கொறஞ்சா எல்லாரும் என்னையத்தான் திரும்பிப் பாக்குறாக. பாத்ரூம்ல தண்ணி வரலைன்னா எங்கிட்ட வந்து சொல்றாளுக. ப்ரேயர்ல நிமிந்து பாத்தா நீ நிக்கிற. என்னைய யாருக்குமே தெரியாத ஒரு எடத்துல போயி உக்காரணும்மா எனக்கு."

"நான் வரலடி இனிமே. அதான் அட்டையக் கழட்டி வச்சுட்டேன்ல?"

"அட்டை இல்லைன்னாலும் நீ வருவம்மா." இசைவாணி துப்பட்டாவை முறுக்குவதை நிறுத்தினாள். "ப்ளஸ் ஒன், ப்ளஸ் ஒன்னு நீதான் பறக்குற. உனக்கு வேணும்னா நீயே படி."

சொன்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

முத்துமீனாவிடமிருந்து கோபத்தை எதிர்பார்த்துத்தான் நாங்கள் எல்லாம் நின்றோம். அவள் இம்மானுவேல் பக்கம் திரும்பி, "குடுத்துருங்க சார்" என்றாள். பேனரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எங்களைத் தாண்டி வெளியே போனாள்.

மற்றவர்களுக்கு டி.சி. எப்படி அச்சாகி வருகிறதென்று பார்க்கிற ஆசை. எனக்கு ஆசை வேறு. தண்ணீர் பாட்டில் கொடுக்கிற சாக்கில் அவள் பின்னாலேயே புதுக் கட்டடத்து மாடிக்கு ஏறினேன்.

ப்ளஸ் ஒன் அறை திறந்திருந்தது. பெயின்ட் வாசம் அடித்தது. பெஞ்சுகளில் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கண்மாய்க்கரையும் அதற்குப் பின்னால் நாகமலையும். முத்துமீனா வாசற்படியில் நின்றாளே தவிர உள்ளே போகவில்லை.

"மயக்கமா வருதா? உள்ள போயி உக்காரு" என்றேன்.

"வேணாங்க்கா." தண்ணீரையும் வாங்கவில்லை. "நான் பத்து முடிச்ச வருசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? நீங்க அப்பத்தான் கல்யாணமாகி வந்தீக."

இருக்கிறது. நினைவில்லாத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை காலம் இருந்தேன்.

அந்த வருடமும் பள்ளிக்கு முதல் மதிப்பெண் ஒரு பெண்தான். முத்துமீனா. அவளோடு படித்த பையன்கள் மேற்கு வாசலில் பஸ் ஏறித் திருமங்கலத்துக்கும் பசுமலைக்கும் ப்ளஸ் ஒன் படிக்கப் போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் அப்போது ஆலங்கரைக்கு ப்ளஸ் ஒன் கேட்டு மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இருந்தால்தானே வகுப்பு தருவோம் என்று அதிகாரிகள் கேட்டார்களாம். அதற்கு ஊர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அது எங்களுக்கு மட்டும்தான் தோன்றும். பெண்பிள்ளைகளை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள். யாராவது வந்து பார்த்தால், 'இந்தா, படிக்கக் காத்துக்கிட்டு இருக்குதுக' என்று காட்டலாம் அல்லவா?

"பெரிய வாத்தியாரு எங்கய்யாகிட்ட வந்து சொன்னாரு" என்றாள் முத்துமீனா. "'அடுத்த வருசம் கட்டாயம் வந்துரும். ஊருக்குள்ளயே வரும்போது எதுக்குப் பொம்பளப்பிள்ளையப் பஸ்ல விடுற?'ன்னாரு. எங்கய்யா மேலத்தெருவுல கூலிக்குப் போனவரு. வாத்தியாரு வீடு தேடி வந்து சொன்னதே அவருக்குப் பெருமை. சரின்னுட்டாரு."

"நீ அழுகலையா?"

"எதுக்கு அழுகணும்? அடுத்த வருசம்தான வரப்போகுது. மதுர விளக்குத்தூண் கடையில போயி ப்ளஸ் ஒன் யூனிபார்ம்னு நீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியும் எடுத்துட்டு வந்துச்சு எங்கம்மா. அதிகாரிக ஜீப்பு வந்தா ஆளு வந்து கூப்புடுவாக. நான் தலையச் சீவிட்டு வந்து நிப்பேன். 'சார், பத்துல மொத மார்க்கு, ப்ளஸ் ஒன்னுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு'ன்னு சொல்லுவாக. அவுகளும் என்னையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போவாக. ஒவ்வொரு ஜூனுக்கும் தாவணியத் தொவைச்சு வெயில்ல போட்டு மடிப்பேன். காத்துக்கிட்டு இருக்குற பிள்ளைங்கிறதுதாங்க்கா அப்ப எனக்கு வேலையே."

அந்த ஜீப்புக்கு நானும்தான் டீ போட்டுக் கொடுத்தேன். கல்யாணமாகி வந்த புதிது, ஊர் வேலை என்று கூப்பிட்டார்கள். மூலையில் நின்ற பெண் படிய வாரிய தலையோடு எவ்வளவு அழகாக நிற்கிறது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் நினைக்கவில்லை.

"அப்புறம் என்னைய மாதிரி நின்ன பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையா மாப்பிள்ள வந்துருச்சு" என்றாள். "ப்ளஸ் ஒன்தான் வரல."

படிக்கட்டில் சத்தம். திரும்பினால் இசைவாணி. கையில் டி.சி. எப்போது வந்தாள், எந்தப் பேச்சிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. கீழே வேன் ஹாரன் அடித்தது. கூப்பிடுகிற அவசரம் அதில் இல்லை, தயங்கித் தயங்கி ஒலித்தது.

"ம்மா, அப்பா நிக்கிறாரு."

"போயிட்டு வா. அங்க போயி வாத்தியாருகள எதுத்துப் பேசாத. முன் சீட்டுல உக்காந்துக்க, அப்பாவுக்குச் சந்தோசமா இருக்கும்."

இசைவாணி இறங்கவில்லை. "அந்தத் தாவணி இப்ப எங்கம்மா?"

"ஒனக்குத் தொட்டில் கட்டுனேன்."

அம்மாவைப் பார்த்தாள், அறைக்குள் பார்த்தாள், இறங்கிப் போனாள். நான் ஜன்னலுக்குப் போனேன். சோணைமுத்து வேனைச் சுற்றி வந்து முன்பக்கக் கதவைத் திறந்தார். அவள் கையில் பை எதுவும் இல்லை. ஆனாலும் பையை வாங்குகிற மாதிரி கையை நீட்டினார், பழக்கம். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மகள் ஏறினாள். கதவைச் சாத்திவிட்டு அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன்.

வேன் கிளம்புகிற சத்தம் கேட்டும் முத்துமீனா ஜன்னல் பக்கம் வரவில்லை.

இம்மானுவேல் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் அந்த அடையாள அட்டை. "இதை வச்சுக்கோங்க. புதுக் குழு போடுற வரைக்கும் நீங்கதான். அரசாணை எண்..."

"சார், ஒண்ணு கேக்கலாமா?" முத்துமீனா அட்டையை வாங்கவில்லை. "பழைய பத்தாப்பு பாஸ் பண்ணுன ஆளு, ப்ளஸ் ஒன் படிக்கணும்னா வழி இருக்கா?"

"ஏன் இல்லாம?" அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த மாதிரிக் கேள்விகள்தான் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். "தனித்தேர்வரா எழுதலாம். பாடப் புத்தகம் நான் வாங்கித் தாரேன். யாருக்கும் சொல்லக்கூட வேணாம், வீட்டிலிருந்தே படிச்சு..."

"எழுதுறதுக்கு இல்ல சார்."

"பின்ன?"

முத்துமீனா அறைக்குள் கையைக் காட்டினாள். பிளாஸ்டிக் பிரிக்காத அந்தப் பெஞ்சுகளின் மேல் வெயில் விழுந்து கிடந்தது.

"உக்காரணும்."

இம்மானுவேல் வாயைத் திறந்தார். இதற்கு அரசாணை எண் எதுவும் நாக்கில் வரவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே நின்றார். அவளும் பதில் வாங்காமல் நகர்வதாகத் தெரியவில்லை. நிற்பதில் அவளுக்கு இருக்கிற பழக்கம் அவருக்கு இல்லை, பாவம்.

அந்த நேரத்தில்தான் நான் ஜன்னலுக்கு வெளியே திரும்பினேன். கண்மாய்க்கரையில் பாதி தூரம் போன மஞ்சள் வேன் நின்றிருந்தது. அங்கே நிறுத்தமும் கிடையாது, ஆளும் கிடையாது. கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு இசைவாணி ஏறிய முன்பக்கக் கதவு திறந்தது.

முத்துமீனாவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைமையாசிரியரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சேதியை நான் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.